காட்டு மரங்களின் பட்டை: எடுப்பதும் காப்பதும்

மரத்தின் பயன்களை எண்ணத் தொடங்கினால் காயும் கனியும் தழையும் தடியுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. பட்டை கடைசியாகவே வருகிறது. ஆயினும் நம் உறுப்பினர்களுள் பட்டையோடு தொடர்பில்லாதவர் மிகச் சிலரே எனலாம். சாயமிடும் நெசவாளருக்கு நிறம் தரும் பட்டைகளும் துவர்ப்புப் பட்டைகளும் பழக்கமானவை. வாய்க்கால் கரையில் மருதமரம் வைத்திருக்கும் குடியானவரிடம் அதன் பட்டைக்கு விலை பேச வியாபாரி வருகிறார். தலைவலிக்கும் குருதிப் போக்குக்கும் நாட்டு மருந்துக் கடைக்குச் செல்வோர் வாங்கி வரும் பொட்டலங்களில் பட்டை இல்லாத பொட்டலம் குறைவு. ஊதுவத்தியில் மாவைக் குச்சியோடு பிடித்து வைக்கும் பசைப்பொடியும் ஒருவகைக் காட்டு மரத்தின் பட்டையே.

இந்தப் பட்டைகளுள் பெரும்பகுதி எவரும் நட்டு நீர் ஊற்றாத காட்டு மரங்களிலிருந்து வருகிறது. நட்டவர் இல்லாத மரத்துக்குக் காவலரும் இல்லாமற் போவது உலக வழக்கமாகிவிட்டது. எனவே, பட்டை எடுப்பதனால் மரத்துக்கு என்ன நேர்கிறது, மரம் சாகாமல் பட்டை எடுக்க வழி உண்டா, அந்த வழி நிலைப்பதற்கு நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யத்தக்கது யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

பட்டை என்பது மரத்தின் சட்டை என்று பலர் கருதுகின்றனர். சட்டையைக் கழற்றினால் வேறொரு சட்டை வரும் என்பது அவர்கள் எண்ணம். வெளிப்பட்டையைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. அது காய்ந்து இறந்த அடுக்கு. வெயிலையும் பூச்சியையும் தீயையும் தடுப்பது அதன் வேலை. அதற்கு உள்ளே இருக்கும் ஈரமான உட்பட்டையின் வேலை வேறு. இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி அதுவே. வேர் உறிஞ்சும் நீர் தடியின் வழியாக மேலே ஏறுகிறது. இலை ஆக்கிய உணவு உட்பட்டையின் வழியாகக் கீழே இறங்குகிறது. உட்பட்டைக்கும் தடிக்கும் இடையே தாளினும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதுத் தடியையும் புதுப் பட்டையையும் ஆக்குவது அந்தப் படலமே.

கொய்யாவிலும் மாதுளையிலும் பதியம் போடும் உறுப்பினர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டுகிறோம். சில வாரங்களில் வளையத்தின் மேல் விளிம்பில் வேர் இறங்குகிறது. இலையிலிருந்து இறங்கி வந்த உணவு மேலும் செல்ல வழியின்றி அங்கே தேங்கியதே இதற்குக் காரணம். இதே வளையத்தை அடிமரத்தில் வெட்டினால், தேங்கும் உணவு மேலேயே நின்றுவிடும். கீழே வேர்கள் பட்டினி கிடக்கும்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. தடி வழியே நீர் ஏறிக்கொண்டிருக்கும் வரை இலைகள் பசுமையாகவே இருக்கும். வேரில் சேமித்த உணவு தீரும் வரை மரம் பல மாதங்கள் நலமாக நிற்பது போலத் தோன்றும். பட்டையை உரித்துச் சென்றவர், தாம் கொன்ற மரத்தைப் பசுமையாகவே கடைசியாகப் பார்க்கிறார். மறு ஆண்டு அது காய்ந்து நிற்பதைக் காண்பவர் வேறொருவர். முழு வளையம் வெட்டாமல் அகலமாக உரித்தாலும் கேடு சிறிதன்று. வளர்படலம் கத்தியால் சுரண்டப்பட்டாலோ வெயிலில் உலர்ந்தாலோ அந்த இடத்தில் புதுப் பட்டை தோன்றாது. காயம் இரு ஓரங்களிலிருந்து மட்டுமே மெல்ல மூடிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் காளானும் துளைப்புழுவும் உள்ளே புகுந்துவிடும்.

மற்றொன்றும் கருதற்பாலது. பருத்த மரத்தில் பட்டை மிகுதி. ஆதலின் உரிப்போர் முதலில் நாடுவது அதனையே. காட்டில் விதை மிகுதியாக உதிர்ப்பதும் அத்தகைய மரமே. அது சாயும்போது அந்த மரத்தோடு அதன் பின்வரும் தலைமுறையும் சாய்கிறது.

உரித்தும் காத்த முறைகள்

இவ்வளவு கூறியதனால் பட்டையே எடுக்கலாகாது என்று நாம் கூறுவதாகக் கருத வேண்டாம். மரம் சாகாமல் பட்டை எடுத்த முறைகள் உலகில் உண்டு.

போர்ச்சுகல் நாட்டில் தக்கை தரும் ஒருவகைக் கருவாலி மரம் வளர்கிறது. அதன் வெளிப்பட்டையே தக்கை. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதான பின்னரே முதல் உரிப்பு. அதன்பின் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். உட்பட்டையில் கோடாரி படாமல் வெளிப்பட்டையை மட்டும் பலகையாகப் பெயர்த்தெடுப்பது கைதேர்ந்தவர் செய்யும் தொழில். உரித்து முடித்ததும், எந்த ஆண்டில் உரிக்கப்பட்டது என்பதைக் குறிக்க ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் வண்ணத்தால் எழுதிவிடுகின்றனர். இந்தச் சிறு வழக்கத்தை உறுப்பினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

இரண்டாவது, இலங்கையின் கருவாப்பட்டை. முற்காலத்தில் அது காடுகளிலிருந்தே திரட்டப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கொழும்புப் பகுதியில் அதனைத் தோட்டப் பயிராக்கினர். கருவாவை அடியோடு ஒட்ட வெட்டினால் கட்டையிலிருந்து பல குருத்துகள் எழும். இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த கொம்புகளை வெட்டிப் பட்டை உரிக்கின்றனர். கட்டை மீண்டும் துளிர்க்கிறது. இங்கு பட்டைக்காக மரம் சாவதில்லை. வெட்டு விழ விழக் கிளைத்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது முறை நம் நீலகிரியில் கண்டது. முறைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள். அங்கே காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துப் பட்டை உரித்தமையால் மரங்கள் அருகி வந்தன. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில அரசு விதைகளையும் கன்றுகளையும் கொணர்ந்து நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் அமைத்தது. உதகைத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த வில்லியம் மக்கைவர் என்பவர் அங்கு ஒரு முறையைக் கண்டார். மரத்தைச் சுற்றிலும் உரிக்காமல், நெடுக்காகச் சில கீற்றுகளை மட்டும் எடுத்து, இடையிடையே பட்டையை விட்டுவைத்தார். உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினார். பாசியின் நிழலில் வளர்படலம் உலராமல் புதுப் பட்டையை ஆக்கியது. புதிதாக எழுந்த பட்டையில் மருந்துச் சத்தும் குறையவில்லை. இம்முறைக்கு ஆள்கூலி மிகுதி. பின்னாளில் வேறு முறைகளும் கையாளப்பட்டன. ஆயினும் வளர்படலத்தை வெயிலிலிருந்து காத்தால் மரம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பது அன்றே நிறுவப்பட்டது.

இம்மூன்று முறைகளுக்கும் பொதுவானது யாது? கத்தியின் நேர்த்தி மட்டுமன்று. மூன்றிலும், இன்று உரிப்பவர் நாளை அதே மரத்துக்கு மீண்டும் வருவார். மீண்டும் வரும் உரிமையும் நம்பிக்கையும் உள்ளவரே மரத்தை விட்டுவைப்பார்.

கேமரூன் மலையின் பாடம்

அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் நேர்வது என்ன என்பதற்கு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாடு சான்று. அங்குள்ள உயர்ந்த மலைக்காடுகளில் ஆப்பிரிக்கச் செர்ரி எனப்படும் பெருமரம் வளர்கிறது. நம்மவர் அறிந்த வாதுமைக்கு உறவுடையது. இலையைக் கசக்கினால் வாதுமையின் மணம் எழும். மலைவாழ் மக்கள் அதன் பட்டையைக் காய்ச்சலுக்கும் வயிற்று நோய்க்கும் பயன்படுத்தினர். அதன் தடியிலிருந்து மண்வெட்டிக்கும் கோடாரிக்கும் காம்பு செய்தனர். இந்தப் பயன்களால் மரத்துக்குப் பெருங்கேடு நேரவில்லை.

1966-இல் ழாக் தெபா என்ற பிரெஞ்சுக்காரர், முதியோருக்குச் சுரப்பி வீக்கத்தால் உண்டாகும் நீரடைப்புக்கு இந்தப் பட்டையின் சாறு பயன்படும் எனக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பாவில் அந்த மருந்து பரவியது. 1970-களில் கேமரூனில் பட்டை வாணிபம் வேரூன்றியது. தொடக்கத்தில் உரிமம் ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அடிமரத்தை நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரண்டு கால்பகுதிகளில் மட்டும் பட்டை எடுக்க வேண்டும். மற்ற இரண்டையும் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தொட வேண்டும் என்று ஆட்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இம்முறையில் ஒரு மரத்திலிருந்து சராசரியாக 50 கிலோ அளவே ஈரப்பட்டை கிடைக்கும்.

1985-க்குப் பின் உரிமம் பலருக்கு வழங்கப்பட்டது. அப்போதுதான் நிலை மாறியது. தாம் விட்டுவைக்கும் பாதியை நாளை வேறொருவர் எடுத்துச் செல்வார் என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் உண்டாயிற்று. எடைக்குக் கூலி என்பதால் கீழிருந்து மேல்வரை முழுவதும் உரித்தனர். மரத்தை வெட்டிச் சாய்த்துக் கிளைப் பட்டையையும் எடுத்தனர். 1980-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டன் பட்டை காட்டிலிருந்து இறங்கியது. முறை அறியாமல் செய்ததன்று இது. நான்கில் இரண்டு பங்கை விட வேண்டும் என்பது தெரிந்திருந்தும் விடுவதற்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

1994-இல் கூடிய பன்னாட்டு மாநாடு, அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த மரத்தைச் சேர்த்தது. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி செய்யும் நாடு, அதனால் மரவினத்துக்குக் கேடில்லை என்று சான்றளிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணாமலேயே அளவு ஒதுக்கப்பட்டு வந்தது. 2007-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு கேமரூன் பட்டையின் இறக்குமதியை நிறுத்தியது. மரங்களைக் கணக்கெடுத்து, இன்ன பகுதி இன்னாருக்கு என்று வரையறுத்துத் திட்டம் வகுத்த பின்னரே வாணிபம் மீண்டும் திறந்தது. நிறுத்தப்பட்ட ஆண்டுகளில் வருமானம் இழந்தவர்களுள் ஒழுங்காக உரித்தவரும் இருந்தனர்.

கூட்டுறவாளரான நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இக்கதையில் உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, கேமரூன் மலையடிவார ஊர்களைச் சேர்ந்த பட்டை எடுப்போர் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தனர். பயிற்சி பெற்றவரே உரிப்பது, சேர்ந்து விற்பது, விலையில் ஒரு பங்கை ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு ஒதுக்குவது என்ற விதிகளை ஏற்றனர். குழு வந்ததும் குறைகள் எல்லாம் நீங்கிவிடவில்லை. வெளியார் களவாக உரிப்பதைக் குழுவினர் தனித்துத் தடுக்க இயலவில்லை. மரக் கணக்கெடுப்பும் அரசின் துணையும் காலத்தில் கிடைக்கவில்லை. இருப்பினும், தனித்தனியே போட்டியிட்டபோது எவருக்கும் உரியதாயிராத மரம், குழு அமைந்தபின் ஊருக்கு உரியதாகத் தொடங்கியது. சங்கத்தின் பலமும் அதன் எல்லையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் விளங்குகின்றன.

நம் காட்டு அசோகு

கேமரூனில் நடந்ததை வேற்று நாட்டுச் செய்தி என்று ஒதுக்க நமக்கு இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் நிழல் விரும்பி வளரும் அசோக மரம் நமக்குப் பழமையானது. செம்பு நிறத்தில் தொங்கும் அதன் தளிரும், கிளையோடு ஒட்டிக் கொத்தாகப் பூக்கும் செம்மஞ்சள் மலரும் கண்டோர் மறவார். மகளிரின் குருதிப் போக்குக்கு அதன் பட்டை சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வழங்குகிறது. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு இலக்காகும் இனங்களுள் ஒன்றாகக் குறித்தது. தேவை பெருகியதும், பட்டைக்காகக் காட்டு மரங்களை அழித்ததும் இதற்குக் காரணங்களுள் அடங்கும்.

மரம் அருகினால் அடுத்து வருவது கலப்படம். நம் ஊர்களில் சாலையோரம் நெடிதுயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோகம் என்றே பலர் அழைக்கின்றனர். அது முற்றிலும் வேறு மரம்; அதன் பட்டை அசோகப் பட்டைக்குப் பதிலாக விற்கப்படுகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சந்தையில் வாங்கிய அசோகப் பட்டை மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினர். நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவை அசோகப் பட்டையே அல்ல என்று தெரிந்தது. காட்டை அழித்ததன் விலையை மருந்து வாங்கும் வீடு செலுத்துகிறது.

அசோகத்தைத் தோட்டத்தில் வளர்க்க இயலும். ஏறத்தாழ 20 ஆண்டு வளர்ந்த மரத்தை நிலத்துக்குச் சற்று மேலே வெட்டிப் பட்டை எடுத்தால், நீரும் உரமும் பெற்ற கட்டை மீண்டும் துளிர்க்கும். அடுத்த வெட்டு 5 ஆண்டில் கிடைக்கும். பாக்குத் தோட்டமும் ஓடைக்கரை நிலமும் உள்ள உறுப்பினர் சில கன்றுகளை நட்டால் தம் மக்களுக்கு ஒரு வைப்புநிதி சேர்த்தவராவர்.

மருதத்தின் நிலை இதனினும் நம்பிக்கை தருவது. ஆற்றோரத்தில் தானாக வளரும் மருதம், தன் பட்டையைச் செதில் செதிலாகத் தானே உதிர்ப்பது. காயத்தை விரைந்து ஆற்றிக்கொள்வது. உட்பட்டையைத் தொடாமல் வெளி, நடு அடுக்குகளை மட்டும், எதிரெதிர்ப் பகுதிகளில் மாற்றி மாற்றி எடுப்பது ஏற்ற முறை என்று ஜபல்பூரிலுள்ள வெப்பமண்டலக் காட்டு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர். மருத இலையை உண்டு வளரும் புழுவே தசர்ப் பட்டுக் கூட்டைத் தருகிறது என்பதையும் நெசவாள நண்பர்கள் நினைவிற் கொள்ளலாம். மத்திய இந்தியாவில் மருதம் ஒன்றே மருந்துக்கும் தறிக்கும் பயன் தருகிறது.

சாயத்தொட்டியின் கடமை

இயற்கைச் சாயத்துக்கு மீண்டும் தேவை பெருகியுள்ள இக்காலத்தில் நெசவாளரும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வேம்பாடமும் நுணாவும் தரும் செந்நிறம் அழகியதே. ஆனால் நிறம் இருப்பது வேர்ப்பட்டையில். காட்டில் அதனைத் தோண்டி எடுத்தால் செடி மிஞ்சுவதில்லை. பயிரிட்டு எடுத்த வேரானால் குற்றமில்லை. நூலில் சாயம் பற்றுவதற்கான துவர்ப்பைப் பொறுத்தவரை நம்மிடம் சிறந்த மாற்று உண்டு. கடுக்காய் தரும் துவர்ப்பு பட்டையின் துவர்ப்புக்குக் குறைந்ததன்று. காயைப் பொறுக்கினால் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். மாதுளம் தோலோ உண்டபின் எஞ்சும் கழிவு. காயும் தோலும் போதுமான இடத்தில் பட்டையை நாடலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, கொள்முதலில் விசாரணை வேண்டும். பட்டை எந்த ஊரில், எந்த நிலத்தில், யாரால் உரிக்கப்பட்டது என்பதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுதல் நலம். காப்புக் காட்டில் மரத்தை வளையமாக வெட்டுவதையும் பட்டை உரிப்பதையும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. விடை சொல்ல இயலாத பட்டை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. உறுப்பினர் நிலங்களில் உள்ள மருதம் முதலிய மரங்களை முதலில் எண்ணுவோம்; பின்னர் விலை பேசுவோம். இளமரத்தையும், விதைக்கென விட்ட முதுமரத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, உரிக்கும் முறை. சுற்றிலும் உரித்தல் எந்நாளும் கூடாது. எதிரெதிரான குறுகிய கீற்றுகள் மட்டும், உட்பட்டைக்குக் காயமின்றி, கடுங்கோடை தவிர்த்து எடுக்கப்பட வேண்டும். வேரின் பட்டையைத் தொடலாகாது. உரித்த ஆண்டின் எண்ணை, போர்ச்சுகல் வழக்கப்படி, அடிமரத்தில் எழுதுவோம். எழுத்தறிந்த எவரும் அதைப் படித்து, இம்மரம் இவ்வாண்டு ஓய்வில் உள்ளது என்று அறியலாம். கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானத்தைக் காட்டிலும் மரத்தின் மேல் நிற்கும் ஓர் எண் மிகுதியாகக் காவல் செய்யும்.

நான்காவது, கூலி. எடைக்கு மட்டும் கூலி தந்தால் மரம் முழுவதும் உரியும். அடுத்த சுற்றில் அதே மரம் உயிருடன் இருப்பதைக் கண்டபின் தரும் பங்கு ஒன்றையும் சேர்த்துத் திட்டமிட்டால், உரிப்பவருக்கு மரத்தின் உயிரில் நாட்டம் உண்டாகும்.

ஐந்தாவது, மலைவாழ் மக்களோடு உறவு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது அவர்களுக்கு உரிமை அளித்து, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் வழங்கியது. நம் மாநிலத்தில் பழங்குடியினருக்கென்று பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. நமக்குத் தேவையான காட்டுப் பொருளை இடைத்தரகர் கையில் வாங்காமல் அச்சங்கங்களிடம், முறையோடு எடுத்ததற்குரிய நல்ல விலை தந்து வாங்குவதே கூட்டுறவுக்கு அழகு. மலிவு விலை கேட்கும் கை, மறைமுகமாக மரத்தை உரிக்கும் கையே.

ஆறாவது, நடுதல். எவ்வளவு நேர்த்தியாக உரித்தாலும் தேவை பெருகிக்கொண்டே போனால் காடு தாங்காது. வாய்க்கால் கரையில் மருதமும், ஈர நிழலில் அசோகமும், மேட்டுப் புறம்போக்கில் ஊராட்சியின் இசைவோடு கடுக்காயும் நடத்தக்கவை. வரும் மழைக்காலத்துக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் நாற்றுக்கான தொகையைத் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டுகிறோம்.

பட்டை வியாபாரி நம் வரப்புக்கு வந்து விலை பேசும் நாளில், பணத்தை எண்ணுமுன் அவரிடம் ஒரு கேள்வி கேட்போமாக: ‘இதே மரத்துக்கு ஐந்தாண்டு கழித்து மீண்டும் வருவீரா?’ வருவேன் என்று உறுதி சொல்லி, அதற்கேற்ற முறையில் கத்தி எடுப்பவருக்கே நம் மரம் உரியது. மற்றவரைத் திருப்பி அனுப்பும் துணிவு தனி ஒருவருக்கு அரிது. சங்கமாகக் கூடியவர்க்கு அது எளிது.